மஞ்சளுக்குள் ஒளியாத கறுப்பு

எங்கள் நாய் ஏழு குட்டி போட்டது. ஐந்து மஞ்சள், இரண்டு கறுப்பு. எங்கள் நாய் மஞ்சள் லேப்ரடார். இணை சேர்த்த ஆண் நாயும் மஞ்சள் லேப்ரடார்தான். பிறகு எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் தொடங்கியது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலம்பாளையத்தில் கீழ்த்தளம் என் கணவருடைய யூனிட், மேல்தளம் வீடு. கீழே பனியன் தைக்கும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். மேலே அந்த அதிர்வு தரையில் தெரியும். விடுமுறை நாளில் அது இல்லாமல் எங்களுக்கு உட்காரப் பிடிக்காது. நான் வேதியியல் படித்தவள். ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒரு நிறத்தைத் துணித்துண்டாக அனுப்பும். எந்தச் சாயத்தை எவ்வளவு சேர்த்தால் அந்த நிறம் கிடைக்கும் என்று கண்டுபிடித்து, சின்ன மாதிரி போட்டு அனுப்ப வேண்டும். இருபது வருடமாக நிறத்தைப் பார்த்துப் பார்த்தே என் கண் போய்க்கொண்டிருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள். பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. நாய் அவள் கேட்டு வாங்கியது. குட்டி எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் அவள்தான். எனக்கு எதைக் கண்டாலும் பயம். பள்ளி வேன் கொஞ்சம் தாமதித்தால் டிரைவரை அழைப்பேன்; அவர் எடுக்கவில்லை என்றால் பள்ளியை அழைப்பேன். நாய்க்குப் பிரசவம் என்றதும் நாய்க்காகப் பயந்தேன். பயப்பட வேண்டிய இடம் வேறாக இருந்தது.

ஆண் நாய் மங்கலத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவருடையது. என் கணவருக்குப் பழக்கமானவர். இங்கே இணை சேர்த்தால் ஆண் நாய்க்காரருக்கு முதல் குட்டி. அவர் வந்து பார்த்து, எது வேண்டும் என்று கை காட்டிய பிறகுதான் மற்றவர்கள் கேட்கலாம். குட்டிகள் கண் திறந்து தவழ ஆரம்பித்ததும் அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். பின்கட்டில் பழைய துணி விரித்த மரப்பெட்டியைக் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"ஏனுங்க, இந்த ரெண்டும் ஆரூட்டுக் குட்டிங்க?" என்றார்.

"எல்லாம் ஒரே வயித்துல பொறந்ததுதானுங்க" என்றார் என் கணவர்.

"வயிறு ஒண்ணுதானுங்க. அதைய நான் கேக்கலீங்க."

நான் குறுக்கே போனேன். அதற்கு ஒரு விளக்கம் என்னிடம் தயாராக இருந்தது. சாயப்பட்டறையில் ஒரு லாட் துணியைக் கறுப்புக்கு ஓட்டிய மெஷினைச் சரியாகக் கழுவாமல் அடுத்ததாக வெளிர் நிறம் போட்டால், பைப்பிலும் மூலையிலும் ஒட்டியிருந்த கறுப்பு அந்தத் துணியில் ஏறிவிடும். எத்தனையோ லாட் அப்படிக் கெட்டுப்போயிருக்கிறது. எங்கள் நாயின் தாய் கறுப்பு. அந்தக் கறுப்பு எங்கள் நாய்க்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்து இப்போது இரண்டு குட்டியில் ஏறியிருக்கிறது. இதை நான் நம்பித்தான் சொன்னேன்.

"அப்படீங்களா? நீங்க படிச்சவீங்க, சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்றார் அவர், பாதி மனதாக.

"இல்லீங்கம்மா" என்றாள் மகள். ஒரு கறுப்புக் குட்டி அவள் மடியில் இருந்தது. "மஞ்சளும் மஞ்சளும் சேந்தா கறுப்பு வராதுங்க. வரவே வராது."

"ஏன், மூக்கு கறுப்பாத்தானே இருக்கு? உள்ள கறுப்பு இல்லாம மூக்குக்கு எங்கிருந்து வந்துச்சாம்?"

"உள்ள இருக்குது. ஆனா முடிக்குள்ள போறதுக்கு வழி வேணும். அந்த வழிக்கு ரெண்டு கதவு, அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. ரெண்டுல ஒண்ணு தொறந்திருந்தாலும் கறுப்பாயிரும். ரெண்டும் அடைச்சிருந்தாத்தான் மஞ்சள். அப்ப மஞ்சள் நாய்கிட்ட குட்டிக்குக் குடுக்கறதுக்கு அடைச்ச கதவு மட்டுந்தான் இருக்குது. அப்பனும் அடைச்ச கதவையே குடுத்தா, தொறந்தது எங்கிருந்துங்கம்மா வரும்?"

"அப்ப இதோட அம்மா கறுப்பா இருந்துச்சே?"

"கறுப்பு நாய்கிட்ட ஒரு கதவு அடைச்சிருக்கலாம், வெளிய தெரியாது. மஞ்சள் கறுப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். கறுப்பு மஞ்சளுக்குள்ள ஒளியாது."

முதல் பாதி எனக்கு உடனே புரிந்தது. நிறம் தவறிப்போன வெளிர் துணியை நாங்கள் கடைசியில் கறுப்புக்குத்தான் போடுவோம். கறுப்புத் துணிக்கு அடியில் என்ன நிறம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது பாதியைத்தான் நான் தவறாக வைத்திருந்தேன்.

மங்கலத்துக்காரர் சத்தமாகச் சிரித்தார். "அப்படிப் போடு கண்ணு! அப்ப இந்த ரெண்டுக்கும் வேற அப்பன்னு சொல்லு. மனுசனா இருந்தா இந்நேரம் பஞ்சாயத்தக் கூட்டியிருப்பாங்க. நாயாப் போனதுனால நிம்மதியாப் பால் குடுத்துட்டுக் கெடக்குது."

"புள்ளைய வெச்சுக்கிட்டு என்ன பேச்சுங்க இது" என்று அவர் மனைவி அவர் கையைத் தட்டினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் தட்டினார். நாங்களும் சிரித்தோம்.

நாய் பருவத்தில் இருந்தபோது துணி ரோல் இறக்க வந்த வண்டிக்காக கேட்டைத் திறந்து வைத்திருந்தது என் கணவருக்கு நினைவு வந்தது. பின்தெரு குடோனில் ஒரு கறுப்பு நாய் திரியும். ஒரே ஈற்றில் இரண்டு அப்பனுடைய குட்டிகள் இருக்க முடியும் என்பதையும் மகள்தான் சொன்னாள். விஷயம் அதோடு முடிந்தது. மங்கலத்துக்காரர் ஒரு மஞ்சள் ஆண் குட்டியைக் கை காட்டிவிட்டு, பால் மறந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். கறுப்புக் குட்டியை மகள் மடியிலிருந்து இறக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளின் நிறத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நானும் என் கணவரும் சிவப்பு. எங்கள் பக்கத்தில் சிவப்பு என்று சொல்லும் அந்த நிறம். மகள் நல்ல கறுப்பு. பிறந்த நாளிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஆரு சாயலுங்க இது?" நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "எங்கப்பா சாயலுங்க." என் அப்பா, அவளுக்கு அப்புச்சி, கறுப்பு. வெயிலில் வேலை செய்து வந்த கறுப்பு இல்லை. சட்டைக்குள்ளும் அதே நிறம். அவள் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். கல்யாண வீடுகளில் அத்தைமார்கள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் செவப்பு, புள்ளைக்கு மட்டும் எப்படியோ" என்பார்கள். அந்த 'எப்படியோ' எனக்குப் பழகிவிட்டது. அவளுக்கும் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

சில நாள் கழித்துச் சாப்பிடும்போது கேட்டாள். "அப்புச்சி நெசமாவே கறுப்புங்களா?"

"நல்ல கறுப்பு."

"அம்மாயி?" என்று என் அம்மாவைக் கேட்டாள்.

"அம்மாயி செவப்பு. என்னையாட்டத்தான்."

"அப்ப உங்ககிட்ட அப்புச்சியோட கறுப்பு இல்லீங்க."

"இல்லாம எங்க போகும்? அதுதான் உன்கிட்ட வந்திருக்குதே" என்று சொல்லிவிட்டு அவள் தட்டில் பொரியல் வைத்தேன். அவளுடைய கணக்கில் அப்புச்சியின் கறுப்பு எனக்குள் ஒளிந்திருக்க முடியாது. அப்பாவும் சிவப்பு. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? என் எதிரில் உட்கார்ந்து அவள் நினைத்தது இதைத்தான். எனக்கு அது பொரியல் தீர்ந்த பிறகும் புரியவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை டியூஷனுக்கு என்று கிளம்பினாள். மதியம் திரும்பவில்லை. டியூஷன் வாத்தியார், "இன்னைக்கு வரலீங்களே" என்றார். அவள் போன் அணைந்திருந்தது. நான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். எதிரில் பேக்கரியில் கேட்டேன். இரண்டு தோழிகளின் அம்மாக்களை அழைத்தேன். இரண்டாவது அம்மா என் குரலைக் கேட்டு அழ ஆரம்பித்தார், நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. கணவர் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். மெஷின் நின்றதும் வீட்டின் தரை அமைதியானது. ஒரு வேலை நாளில் அந்தத் தரை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. இப்போதும் மின்சாரம் போய் மெஷின்கள் நின்றால் முதலில் என் கை போனைத்தான் தேடுகிறது.

அப்போது மடத்துக்குளத்திலிருந்து என் அக்கா அழைத்தாள்.

"அம்மிணி, உன்ற புள்ள இங்கதான் இருக்கறா. பயப்படாத. சாப்பிட்டா."

"அங்க எதுக்கு வந்தா?"

"என்னமோ கேக்கறா. நீங்க ரெண்டு பேரும் வந்துருங்க."

பல்லடம், உடுமலை வழியாகப் போனோம். கணவர் கார் ஓட்டினார். சாலைக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அன்று காற்று நன்றாக இருந்தது. அவர் வழியில் பேசிய ஒரே வார்த்தை, "டீ குடிக்கறயா?" என்பதுதான். நான் வேண்டாம் என்றேன். அவரும் குடிக்கவில்லை.

அக்காவின் வீடு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. அவள் வாசலுக்கே வந்து என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கணவர் நேராக உள்ளே போனார்.

"நீ ஆசுபத்திரில இருந்தப்ப நாந்தானே கூட இருந்தேன்? அதைத்தான் கேட்டா. புள்ள மாறிப் போயிருக்குமாங்க பெரியம்மான்னு. இல்லடா சாமி, அன்னைக்கு அங்க வேற பிரசவமே கெடையாது, துடைச்சு என்ற கையிலதான் குடுத்தாங்கன்னேன்."

"செரி."

"அப்புறம் உன்னையப் பத்திக் கேட்டா."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கீழே கிடந்த தேங்காய் மட்டையைப் பார்த்தாள்.

"நான் வெச்சேன் ஒண்ணு முதுகுல" என்றாள். "அப்புறம் பாவமாப் போச்சு, தோசை சுட்டுப் போட்டேன்."

அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அறைக்குள் பேசுவது கேட்டது.

"சொல்லாம வரலாமா கண்ணு? அம்மா பயந்துட்டா" என்றார் கணவர்.

"அப்பா, உங்களுக்குச் சந்தேகம் வந்ததே இல்லீங்களா?"

"எதுல?"

"என்ற நெறத்துல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அதுக்கு டெஸ்ட் இருக்குதாம் கண்ணு. எனக்கு வேண்டாம். உனக்கு வேணும்னா சொல்லு, போய் எடுத்துக்கலாம். ரத்தங்கூட வேண்டியதில்லையாம், வாயிலயே எடுத்துக்குவாங்களாம்."

"வேண்டாங்கப்பா."

"அப்ப எந்திரி. செருப்பு எங்க?"

அவர் மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் அழ ஆரம்பித்தது அந்தச் சாதாரணத்தால்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் வேறு ஒன்று கேட்டது. அப்படி ஒரு சோதனை இருப்பதும், அதை எப்படி எடுப்பார்கள் என்பதும் அவருக்கு எப்போதிருந்து தெரியும்? டிவியில் பார்த்திருக்கலாம். போனில் வந்திருக்கலாம். நான் இன்றுவரை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. லேபில் அவசர மாதிரி இருக்கிறது என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவசர மாதிரி எதுவும் இல்லை. மனிதத் தோலின் நிறத்துக்கு ஒரே ஒரு கதவு இல்லை, பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் அந்த நிறம் வருகிறது என்று முந்தின இரவு படித்திருந்தேன். படித்ததுமே எனக்கு அது தெரிந்த விஷயமாகிவிட்டது. லேபில் ஒரு பழுப்பு நிறம் வேண்டுமென்றால் அப்படித்தான் செய்கிறோம். மஞ்சள் கொஞ்சம், சிவப்பு கொஞ்சம், நீலம் கொஞ்சம்.

மூன்று வெள்ளைத் துணித்துண்டு எடுத்தேன். முதல் துண்டுக்கு மஞ்சள் சற்று அதிகம், மற்ற இரண்டும் குறைவு. இரண்டாவதற்குச் சிவப்பும் நீலமும் அதிகம், மஞ்சள் குறைவு. இரண்டும் வெளிர் நிறம்தான். மூன்றாவதற்கு முதலாவதின் மஞ்சளையும் இரண்டாவதின் சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டேன். மெஷினில் குடுவைகள் சுற்றி முடியும் வரை அவள் மேஜையில் தலை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் அளவுக்குழாய்களைக் கழுவி வைத்தேன்.

அலசி, காயவைத்து, நிறம் பார்க்கும் பெட்டிக்குள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு விளக்கு வெளிச்சம் என்று அதில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது துண்டு மற்ற இரண்டையும்விட எல்லா வெளிச்சத்திலும் அடர்த்தியாக இருந்தது.

"ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஒருத்தர்கிட்ட இருக்கறது இன்னொருத்தர்கிட்ட இருக்காது. அதிகமா இருக்கறதெல்லாம் ஒரு புள்ளைகிட்டச் சேந்துட்டா, ரெண்டு பேரையும்விட அது கறுப்பாயிரும்" என்றேன். "அப்புச்சிகிட்டருந்து எனக்கு வந்ததுல கொஞ்சம் உனக்கு வந்திருக்கு. உங்கப்பா வூட்டுப் பக்கமிருந்தும் கொஞ்சம் வந்திருக்கு. நாய் மாதிரி இல்ல இது."

அவள் பெட்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வெளிச்சமாகப் போட்டாள். சிரத்தையாகத்தான் பார்த்தாள்.

"இது நீங்க எடுத்து ஊத்துனது. நீங்க எதை நெனச்சீங்களோ அதுதானே வரும்?"

"ஆமா."

"இது இப்படியும் வரலாம்னு காட்டுதுங்கம்மா. இப்படித்தான் வந்துச்சுன்னு காட்டலை."

நான் வேலை செய்யும் இடத்தில் இதைவிடச் சரியாக யாரும் ஒரு மாதிரியைத் திருப்பி அனுப்பியதில்லை. பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"ஆமா, காட்டலை" என்றேன். "அதுக்கு என்கிட்ட மாதிரி இல்ல. உங்கப்பாதான் உங்கப்பா. வாயாலதான் சொல்ல முடியும்."

அவள் பெட்டியின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.

"செரிங்கம்மா."

"செரின்னா?"

"செரின்னா செரிதான். போலாமுங்க, குட்டிக பசியில கத்தும்."

மூன்று துண்டுகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். நான் பிறகு போய் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். இன்னும் கைப்பையில்தான் இருக்கின்றன.

குட்டிகள் பால் மறந்தன. மங்கலத்துக்காரரும் மனைவியும் மஞ்சள் குட்டியை எடுத்துப்போக வந்தார்கள். இரண்டு கறுப்புக் குட்டிகளுக்கும் அதற்குள் மூக்கு நீண்டு, நெஞ்சில் வெள்ளை விழுந்து, குடோன் நாயின் முகம் வந்துவிட்டிருந்தது. "ஆரூட்டுக் குட்டின்னு இனிக் கேக்க வேண்டியதில்லீங்க" என்று அவர் சிரித்தார். மகள் தட்டுகளில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் மனைவி அவளைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், காபித் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"புள்ள உங்க ரெண்டு பேரையாட்டமும் இல்லீங்களே. கண்ணு ஆரு சாயலுங்க?"

அவர் எதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார். பதினாறு வருடமாக நான் சொல்லும் பதில் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. நான் சொன்னால் மகள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. என் கணவர் குனிந்து மஞ்சள் குட்டியின் கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு போட்ட பிறகும் அவர் கை அங்கேயே இருந்தது.

"எங்கப்புச்சி சாயலுங்க" என்றாள் மகள், தட்டிலிருந்து கண்ணெடுக்காமல். கறுப்புக் குட்டி ஒன்று மஞ்சளின் தட்டில் கால் வைத்தது. அதைத் தள்ளி வைத்தாள். "நாய்க்குத்தான் அப்படி வராது. மனுசருக்கு வருமுங்க."

"நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்றார் மங்கலத்துக்காரர்.

காபியைக் கொடுத்தேன். அவள் அதை நம்பித்தான் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று அவள் குரலில் தேடிப் பார்த்தேன். அந்தக் குரலில் ஒன்றும் கிடைக்கவில்லை. குட்டிகளைப் பெயர் சொல்லி அதட்டும் குரலாகவே இருந்தது. அவர்கள் காபி குடித்து முடித்து, குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். என் கணவர் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு திரும்பிப் போய், கொண்டி விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.